சிவப்பு தெரியாத பெயிண்டர் செகொந்தோ

தூரின் நகரத்தில் பெயிண்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சவ வண்டிக்குச் செக்கச்செவேலென்று இரண்டு கோட் அடித்து, மேலே வார்னிஷும் ஏற்றி, நாலடி பின்னால் தள்ளி நின்று, "இதைவிடக் கறுப்பான கறுப்பு இந்த ஊரிலேயே கிடையாது" என்று மார்தட்டிய பெயிண்டர் ஒரே ஒருவர்தான். செகொந்தோ கிரிபாவ்தோ. பள்ளிக்கூடப் படியை மூன்று குளிர்காலம் மிதித்தவர். அதிலும் பாதி நாள் விறகு சுமந்ததிலேயே போயிற்று. அப்பன் சொத்து என்று ஒரு பிடி மண் கிடையாது. தன் கையால் மேலே வந்த மனிதர். அவரைப் பற்றி எழுத அவ்வளவு தகுதி போதும்.

பிறந்தது மொந்தோவி மலைப்பக்கம். வீட்டில் இரண்டாவது பிள்ளை. அந்தப் பக்கத்தில் செர்ரி பழுக்கும் காலத்தில் சின்னப் பிள்ளைகளை மரத்தில் ஏற்றிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் கூடை நிறைய இறங்குவார்கள். செகொந்தோ மட்டும் கூடையில் பாதி இலையோடு இறங்குவார். மர நிழலில் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிய, இலை எது, பழம் எது என்று தடவிப் பார்த்துப் பறித்தால் வேறு எப்படி இருக்கும்? சோம்பேறி என்று அப்பன் முதுகில் வைத்தான். அடி வாங்கியும் அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஊரார் எல்லோரும் 'சிவப்பு, சிவப்பு' என்று எதையோ பெரிதுபடுத்துகிறார்கள், தனக்கு அது கரி மாதிரிதான் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்.

பதினாலு வயதில் நடந்தே தூரினுக்கு வந்து, சுண்ணாம்பு கலக்கி, ஏணி பிடித்து, பிரஷ் பிடித்து, இருபத்தைந்து வயதில் சொந்தமாக வேலை எடுத்தார். கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு சொட்டு தரையில் விழாது. குறை என்று பார்த்தால் அந்த ஒன்றுதான். அதையும் கல்யாணமான இரண்டாவது வாரமே அவர் மனைவி ஒனோரினா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏ மனுசா, இந்த ஜன்னலுக்குக் கரும்பச்சைதானே அடிக்கச் சொன்னாங்க?"

"பச்சைதான் அடிச்சிருக்கேன்."

"இது பச்சைன்னா நான் சார்டினியா ராணி."

அன்று ராத்திரிச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் ஒனோரினா யோசித்து ஒரு வழி கண்டாள். பெயிண்ட் டின்களின் பிடியில் கயிறு கட்டினாள். ஒரு முடிச்சு என்றால் சிவப்பு, இரண்டு என்றால் பச்சை, மூன்று என்றால் காவி. கயிறே இல்லாவிட்டால் கறுப்பு. பிறகு ஒன்பது வருடம் ஒரு பிசகு கிடையாது. வெளியே யாருக்கும் மூச்சு விடவில்லை. சிவப்பு தெரியாத பெயிண்டர் என்று ஊருக்குத் தெரிந்தால், கோழிக்கூண்டுக்கு வெள்ளையடிக்கக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சவ வண்டியன்று நடந்தது இதுதான். காலையில் கால்சட்டைப் பித்தான் அறுந்துவிட்டது. அவசரம். கையில் கிடைத்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அது சிவப்பு டின்னின் கயிறு.

மறுநாள் அந்த வண்டியில் போனவர் ஓய்வுபெற்ற வரி அதிகாரி. தொழிற்சங்கம், செங்கொடி என்ற பேச்சைக் கேட்டாலே தட்டை எறிகிறவர். வேறு வண்டி இல்லை. பாதிரியார் வாசலில் காத்திருக்கிறார். சவ வண்டிக்காரர் தலையில் கை வைத்தபடி வண்டியை ஓட்டினார். சான் பாவ்லோ பேட்டையில் ஆலைகள் விட்ட நேரம். சிவப்பு வண்டியைப் பார்த்த தொழிலாளிகள், யாரோ நம் ஆள் போய்விட்டான் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். கல்லறை போய்ச் சேரும்போது ஐந்நூறு பேர். அடக்கம் முடிந்ததும் ஒருவன் கல்மேல் ஏறி எட்டு மணி நேர வேலை பற்றிப் பேசினான். பிறகு குதிரைப் போலீஸ் வந்தது.

செகொந்தோவுக்கு அந்தப் பேட்டையில் அதோடு வேலை போயிற்று. உலகக் கண்காட்சி நடந்த வருடம் அது. மூட்டை கட்டிக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில், மிலான் சாவடிப் பேட்டைக்குக் குடிபோனார்கள்.

அங்கே டோரா நதிக்கரையில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. வெயில் உள்ளே விழவேண்டுமென்று கண்ணாடி. உள்ளே சினிமாப் படம் எடுத்தார்கள். படம் பேசாத காலம், கறுப்பு வெள்ளை. வாரத்துக்கு ஒரு சிரிப்புப் படம், பத்து நிமிடம் ஓடும். நாயகன் பெயர் சுக்கெத்தா. திரையில் அவன் விழாத குழி கிடையாது. அழுக்குக் கோட்டும் கரி அப்பிய முகமுமாக அவன் வந்து நின்றாலே ஜனங்கள் விழுந்து சிரிப்பார்கள். நேரில் சர்க்கஸ் காலத்து மூட்டுவலியோடு எரிந்து விழுகிற மனிதன். இயக்குநர் பெர்தெங்கோ மேடை நாடகத்திலிருந்து வந்தவர். கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவர் தலியானோ. வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார், கேட்டால் ஒழியப் பேசமாட்டார். செகொந்தோ அங்கே காட்சித் தட்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டராகச் சேர்ந்தார்.

வந்த மூன்றாவது வாரம். ஒரு பூங்கா பெஞ்சு. பெயிண்ட் காயவில்லை, அதைப் பார்க்காமல் சுக்கெத்தா உட்காருவான், எழுந்தால் முதுகெல்லாம் வரிவரியாக இருக்கும், ஊரே துரத்திச் சிரிக்கும். பெர்தெங்கோ நாடகக்காரர் அல்லவா, கறுப்புக் கோட்டில் சிவப்பு வரி எடுப்பாக இருக்கும் என்று பெஞ்சுக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லிவிட்டார். முடிச்சைத் தடவிப் பார்த்து செகொந்தோவும் அடித்தார். சுக்கெத்தா உட்கார்ந்தான், எழுந்தான், திரும்பினான். கொட்டகையே குலுங்கிற்று. தச்சர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். செகொந்தோ மட்டும் கல்லுமாதிரி நின்றார்.

பெர்தெங்கோவின் கண் அவர்மேல் விழுந்தது.

"ஏம்ப்பா, உனக்கு மட்டும் சிரிப்பு வரலையா?"

"எதைப் பார்த்துச் சிரிக்கணும், மொன்சூ?"

"முதுகுல இருக்கிற வரியைப் பார்த்து!"

"என்ன வரி?"

மொன்சூ என்று மரியாதை வைத்துப் பேசிவிட்டு, இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? சாயங்காலம் கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் பெர்தெங்கோ. செகொந்தோ பிரஷ்களைக் கழுவி மூட்டை கட்டினார்.

மறுநாள் படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். சுக்கெத்தா பெஞ்சில் உட்காருகிறான். எழுகிறான். கறுப்புக் கோட்டு கறுப்பாகவே இருக்கிறது. ஒரு வரி இல்லை. ஊரே அவனைத் துரத்திக்கொண்டு காரணமில்லாமல் சிரிக்கிறது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அந்தக் காலத்துப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. அதற்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று.

பெர்தெங்கோ தொப்பிகூடப் போடாமல் செகொந்தோ வீட்டுக்கே ஓடி வந்துவிட்டார்.

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உண்மையைச் சொல்லு!"

ஒனோரினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். செகொந்தோ ஒரு குச்சி ரொட்டியை நிதானமாக ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் கண்ணு வேணும், மொன்சூ. நீங்க கலரைப் பார்க்கிறீங்க. நான் படம் எப்படி விழும்னு பார்க்கிறேன். இருபது வருச அனுபவம்."

"இருபது வருசமா நீ சினிமாவா பார்த்தே?"

"சுவரைப் பார்த்தேன். சுவர்தானே திரை?"

இந்தப் பதிலைக் கேட்டு பெர்தெங்கோ கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போனதும் ஒனோரினா கரண்டியோடு வந்தாள்.

"வாய்தான்யா உனக்கு முதலு."

"அது இல்லாம நீ ஏன் என்னைக் கட்டிக்கிட்டே?"

அன்று முதல் செகொந்தோவுக்கு ஏற்றம்தான். கேமராவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி. எந்தக் காட்சியானாலும் சுற்றுவதற்கு முன்னால், "கண்ணைக் கூப்பிடு" என்பார் பெர்தெங்கோ. கண் வரும். "தெரியல, வேற அடி" என்றால் அடிக்கவேண்டும். "சரி" என்றால்தான் படம். திருடனின் சிவப்புக் கைக்குட்டையை மாற்றச் சொன்னார், தக்காளிச் சண்டைக்குத் தக்காளி வேண்டாம், மாவுப் பை எறியுங்கள் என்றார். எல்லாம் பலித்தது. நாலு மாதத்தில் அவர் சொல்லி ஒனோரினாவுக்கும் படச்சுருள் கழுவும் அறையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் அவர் பேச்சைக் கேட்க இரண்டு மேஜையை இழுத்துப் போடுவார்கள். "நான் சிரிச்சாத்தான் இத்தாலி சிரிக்கும்" என்பார். மிகையாகத் தெரியலாம். ஆனால் ஒன்றுமில்லாமல் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

வருத்தப்பட்டவர் தலியானோ ஒருவர்தான். ஒரு தடவை என்னவோ சொல்ல வாயெடுத்தார். "உனக்கென்னப்பா, அதுக்குத்தான் நம்ம கண் இருக்காரே, நீ சுத்து போதும்" என்று பெர்தெங்கோ சொல்லிவிட்டார். தலியானோ வாயை மூடிக்கொண்டு சுற்றினார்.

இரண்டாவது வருடம் கோடைக்காலத்தில், 'சுக்கெத்தாவின் கல்யாணம்' எடுத்தார்கள். பெரிய படம், இரண்டு சுருள். சுக்கெத்தா கரிக்கடைக்காரன். கல்யாணத்துக்கு ஓடும்போது கரிக்குவியலில் விழுவான். அதே வேகத்தில் சலவைக்காரிகளின் நீலத் தொட்டியிலும் விழுவான். கரியாக இருந்தவன் நீலமாக எழுந்து வருவான். அதைப் பார்த்து மணப்பெண் மயங்கி விழுவாள். அதோடு படம் முடியும்.

பெர்த்தொல்லா ஊர்ச் சலவைக்காரிகளிடம் போய், அவர்கள் தொட்டியிலேயே எடுத்தார்கள். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளி முழுக்கக் கரைத்தார்கள். சுக்கெத்தா கரியோடு விழுந்தான். சுற்றுவதை நிறுத்தி, கரியைத் தேய்த்து எடுத்து, முகம், கை, காது எல்லாம் நீலத்தைப் பூசி மறுபடி எழுப்பினார்கள். சலவைக்காரிகள் சிரித்த சிரிப்பில் வாத்துகள் ஆற்றுக்குள் இறங்கிவிட்டன.

"செகொந்தோ, தெரியுதா?"

செகொந்தோவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நீலம் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே தெரியும்.

"தெரியுதாவா? குருடனுக்கும் தெரியும். சுத்துங்க!"

தலியானோ அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுற்றினார்.

புதன்கிழமை படம் போட்டுப் பார்த்தார்கள். சின்ன அறை, வெள்ளைத் துணி, ஆறு நாற்காலி. சுக்கெத்தாவும் வந்திருந்தான், எவ்வளவு தேய்த்தும் நீலம் போகவில்லை, காதும் கழுத்தும் இன்னும் வானமாக இருந்தன. திரையில் அவன் ஓடினான். கரியில் விழுந்தான். தொட்டியில் விழுந்தான். எழுந்தான்.

பால் மாதிரி வெள்ளையாக எழுந்தான். முகம் வெள்ளை, சட்டை வெள்ளை, காது வெள்ளை. மணப்பெண் அவனைப் பார்த்தாள். மயங்கி விழுந்தாள். படம் முடிந்தது.

சுக்கெத்தா நாற்காலியை உதைத்தான்.

"எங்கய்யா நீலம்? ஒன்பது நாளா என் பொண்டாட்டி என்னைப் படுக்கையில சேர்க்கல, நீலம் ஒட்டும்னு! அதெல்லாம் எதுக்கு?"

"கழுவுற இடத்துலதான் கெட்டிருக்கு" என்று எகிறினார் பெர்தெங்கோ. "அளவுக்கு மீறிக் கழுவி வெளுக்க வச்சுட்டாங்க. இந்தச் சுருளை யார் கழுவினது? கூப்பிடு! இன்னைக்கே வெளியே போகட்டும்."

கூப்பிட்டார்கள். வந்தது ஒனோரினா. ஈர ஏப்ரன், முழங்கை வரை சிவந்த கை. நின்றபடியே திரையைப் பார்த்தாள், பெர்தெங்கோவைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன படித்தாளோ, உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா மொன்சூ. நான்தான். கொஞ்சம் அதிகமா அலசிட்டேன்."

செகொந்தோ வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நாற்காலி போகாது, மதுக்கடை மேஜை போகாது, கண் என்ற பட்டம் போகாது. ஒனோரினாவுக்கு வேறெங்காவது துவைக்கும் வேலை கிடைக்கும். அவ்வளவையும் ஒரு நொடியில் அவர் நினைத்தார் என்பது உண்மை. இல்லையென்று சொல்வது பொய். ஆனால் அவருடைய பெருமைக்குள் ஒரு முள் உண்டு. தன் தப்புக்கு இன்னொருத்தர் தலை குனிவது அவருக்குத் தாங்காது. அதுவும் அந்தத் தலை.

"அவ பொய் சொல்றா" என்று எழுந்தார்.

"உட்காருய்யா" என்றாள் ஒனோரினா பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இருடி. மொன்சூ, அவ ஒழுங்காத்தான் கழுவினா. எனக்கு அந்தக் கண்ணே கிடையாது. பிறந்ததிலேர்ந்து சிவப்பு எனக்குக் கறுப்பா தெரியும், அவ்வளவுதான். படச்சுருளுக்கும் அதே வியாதி. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. நீலத்துக்கு நான் உங்களை மாதிரிதான். தெரியாம, தெரியும்னுட்டேன்."

பெர்தெங்கோ அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சிவப்பு தெரியாதா? நீ பெயிண்டர்!"

"நல்ல பெயிண்டர்" என்றார் செகொந்தோ. அந்த நிலையிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

"பதினோரு வருசமா முடிச்சுப் போட்டுக் காப்பாத்தினேனே" என்று ஒனோரினா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஒரு நிமிசத்துல அவுத்துட்டியே பாவி! நான் போனா ஒரு சம்பளம். நீ போனா ரெண்டு பேருமில்ல போகணும்!"

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. தலியானோ.

"நீலம் வெள்ளையாத்தான் விழும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் பெர்தெங்கோ.

"சுத்த ஆரம்பிச்ச நாள்லேர்ந்து தெரியும். நீலம் வெள்ளை, சிவப்பு கறுப்பு."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன!"

"கேட்டீங்களா?"

பெர்தெங்கோ தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை ஜெனோவாவில் கப்பல். பிரதி அர்ஜென்டினாவுக்குப் போகவேண்டும். மறுபடி எடுக்க நாளில்லை. சுக்கெத்தாவோ, இன்னொரு தடவை அந்தத் தொட்டியில் இறங்கச் சொன்னால் சர்க்கஸுக்கே போய்ச் சிங்கத்தின் வாயில் தலையை விடுவதாகச் சொல்லிவிட்டான். "இந்தப் பொண்ணு எதுக்கு மயங்குறான்னு நான் ஜனங்களுக்கு என்ன சொல்ல?" என்று புலம்பினார்.

ஒனோரினாவுக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. வேலைதான் போகப்போகிறதே, இனி மரியாதை எதற்கு?

"மயங்காம என்ன செய்வா? அந்த அழுக்குப் பய குளிச்சு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா? முதல் தடவையா குளிச்சுட்டு வந்து எதிர்ல நின்னா, நானா இருந்தா செத்தே போயிருப்பேன்!"

முதலில் தலியானோ சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கதவு கீல் சத்தம் மாதிரி இருந்தது. அடுத்தது சுக்கெத்தா, நீலக் காது ஆட ஆட. கடைசியாகத்தான் பெர்தெங்கோ. சிரித்து முடித்ததும் விரலை நீட்டினார்.

"மயங்குறதுக்கு முன்னால திரையில ஜனங்க படிக்க ஒரு எழுத்து அட்டை போடுங்க. 'ஐயோ, குளித்துவிட்டான்!' செகொந்தோ, ஞாயித்துக்கிழமை நம்ம பேட்டையில போடுறேன். ஜனங்க சிரிச்சா நீங்க ரெண்டு பேரும் இருங்க. சிரிக்கலன்னா திங்கக்கிழமை உங்க ரெண்டு பேர் முகத்திலயும் நான் முழிக்கக்கூடாது."

ஞாயிறு மத்தியானக் காட்சி. பேட்டை சினிமாக் கொட்டகையில் ஆலைக்காரர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், மடியில் வறுத்த கடலை. செகொந்தோவும் ஒனோரினாவும் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். உட்கார இடம் இருந்தது. உட்காரக் கால் வரவில்லை. பியானோக்காரி வாசித்துக்கொண்டிருந்தாள். சுக்கெத்தா கரியில் விழுந்தபோது கொஞ்சம் சிரித்தார்கள். தொட்டியில் விழுந்தபோது இன்னும் கொஞ்சம். வெள்ளையாக எழுந்து நின்றான். சத்தமே இல்லை.

செகொந்தோ மனைவியின் கையைப் பிடித்தார். சோடா உப்பில் ஊறி ஊறி மரக்கட்டை மாதிரி இருந்தது அந்தக் கை.

எழுத்து அட்டை வந்தது. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னார்கள். சொன்னது வரிசை வரிசையாகப் போயிற்று. அந்த நேரம் பார்த்து மணப்பெண் தொப்பென்று விழுந்தாள்.

கொட்டகை இடிந்துவிட்டது என்றே பியானோக்காரி நினைத்தாள். முன்வரிசைப் பெஞ்சு ஒன்று நிஜமாகவே இடிந்தது. ஒரு தடித்த அம்மாள் தன் புருஷனை முதுகில் குத்திக் குத்தி, "நீயும்தான், நீயும்தான், ஈஸ்டருக்குக் குளிச்சப்ப எனக்கும் இப்படித்தான்!" என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பகுதியை மறுபடி போடச் சொல்லிக் காலால் தரையை உதைத்தார்கள். மறுபடி போட்டார்கள். முன்பைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள்.

"பார்த்தியாடி" என்றார் செகொந்தோ. "நான் 'சுத்துங்க'ன்னு சொன்ன காட்சி."

"ஆமாய்யா. அந்த ஒத்தை வார்த்தைதான் நீ சொன்னே. மிச்சமெல்லாம் நான் சொன்னேன்."

திங்கட்கிழமை கேமரா பக்கத்தில் இரண்டு நாற்காலி இருந்தது. இரண்டாவது தலியானோவுக்கு, சுற்றும் நேரம் போக உட்கார. நீலத்துக்கு அவரைக் கேட்கவேண்டும், சிவப்புக்குச் செகொந்தோவை. பெர்தெங்கோ உத்தரவு. செகொந்தோ அதற்கும் கூசவில்லை. இத்தனை வருடம் பதுக்கி வைத்ததை அவரே வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்: "உங்களுக்கெல்லாம் சிவப்பு தெரியும். அது பெரிய விஷயமா? தெரியாம பெயிண்டர் ஆனவன் நான் ஒருத்தன்தான்."

அன்றே மிலானிலிருந்து புதிய கதாநாயகி வந்து இறங்கினாள். பெரிய தொப்பி, பெரிய நாடகங்களில் நடித்த மிடுக்கு, உதட்டில் செக்கச்செவேலென்று பாரிஸ் சாயம். தச்சர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பெர்தெங்கோ குனிந்து கையில் முத்தம் கொடுத்தார். அவள் கேமரா முன்னால் வந்து நின்று, நாற்காலியில் இருந்த செகொந்தோவைப் பார்த்துத் தாடையை உயர்த்தினாள்.

"நீங்கதான் அந்தக் கண்ணாமே. எப்படி இருக்கேன், சொல்லுங்க."

செகொந்தோ தலையைச் சாய்த்துப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார்.

"லட்சணமா இருக்கீங்க, அம்மா. மூக்குக்குக் கீழே கரிதான் அப்பியிருக்கு. கழுவிட்டு வாங்க."

கொட்டகை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது. கதாநாயகி, இந்தக் காட்டானை யார் உள்ளே விட்டது என்ற மாதிரி பெர்தெங்கோவைத் திரும்பிப் பார்த்தாள். பெர்தெங்கோ தலியானோவைப் பார்த்து, இந்தத் தடவை மறக்காமல் கேட்டார்.

"கழுவணும்" என்றார் தலியானோ.